கஸ்தூரி ஏன் கையைக் கட்டிக்கொண்டார்?

போன வியாழக்கிழமை காலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம்... கையக் கட்டினா பொய் சொல்றாங்கன்னு பேப்பர்ல எழுதினது நீங்கதான?"

வாசகர்! பத்தி எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுப்பை அணைத்தேன். குரலில் கொஞ்சம் தேனைக் குழைத்துக்கொண்டு, "ஆமாங்க, நான்தான்" என்றேன்.

"எம் பொண்டாட்டி என்னாண்ட பேசி பதினோரு நாள் ஆவுது மேடம்."

தேன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் உடல்மொழி பற்றி எழுதியிருந்தேன். எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டால் எதையோ மறைக்கிறார். மூக்கைத் தொட்டால் சொல்வது பொய். கண்ணைப் பார்க்கவில்லையா... குற்ற உணர்ச்சி. பாதம் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறதா... கிளம்பிவிடத் துடிக்கிறார்! கடைசியில், 'முகத்தை நடிக்க வைக்கலாம், பாதத்தை நடிக்க வைக்க முடியாது' என்று ஒரு போடு போட்டு முடித்திருந்தேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

எந்த தைரியத்தில் எழுதினேன்? ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலைக்கு ஆள் எடுக்கிற பிரிவில் இருந்தேன். இன்டர்வியூவுக்கு வருகிறவர் நாற்காலியை இழுக்கிற விதத்திலேயே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீட்டு நிலவரம் வேறு. நான் பேசும்போதெல்லாம் என் கணவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

போனில் பேசியவர் பெயர் ஏழுமலை. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். பத்திரிகை ஆபீசைக் கெஞ்சிக் கூத்தாடி என் நம்பரை வாங்கியிருக்கிறார். மனைவி கஸ்தூரியும் அவர்கூடவே உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். கல்யாணமாகிப் பதினாறு வருடம்.

"நீங்க எழுதினத வெட்டி பாக்கெட்ல வெச்சிகினேன் மேடம். ஒரு வாரம் அவள நோட் பண்ணேன். எல்லாம் அப்படியே இருக்குது! எப்பப் பாரு கையக் கட்டிக்கறா. என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்றா. சாயங்காலம் நாலு மணியானா கால் ரெண்டும் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்குது. போன் வந்தா தூரமாப் போயிப் பேசறா."

"சரி... நீங்க என்ன செஞ்சீங்க?"

"யாராண்ட பேசறன்னு கேட்டேன்."

"அவங்க?"

"அன்னிலேருந்துதான் மேடம் பேசல."

"சாப்பாடு போடறாங்களா?"

"போடறா. ஆனா தட்ட வைக்கற சத்தத்துல எனக்குப் பசி போயிடுது."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பே போய்விட்டது.

"கட்டிலுக்குக் கீழ ஒரு பையக் கட்டி வெச்சிருக்கா மேடம். அவ அம்மா வீடு பெருமுக்கல். கெளம்பறதுக்குள்ள நீங்க ஒரு தபா வந்து பேசுங்க. நீங்க எழுதித்தான ஆச்சு?"

நான் எழுதித்தான் ஆச்சு. வருகிறேன் என்றேன்.

மறுநாள் மத்தியானம் பாண்டிச்சேரியில் பஸ் ஏறினேன். கூனிமேடு தாண்டும் வரை, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். தாண்டிய பிறகு, நம்மை அடிப்பார்களா என்று யோசித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி. கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தார். 'சந்தேகம், எதிர்ப்பு' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். என்ன செய்வது, பழக்கதோஷம்.

"அளத்து வழியாவே வூட்டுக்குப் போயிடலாம் மேடம். ஒரு மடைய அடைக்க வேண்டியிருக்குது."

வரப்பின் மேல் நடந்தோம். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர். நடுநடுவே குவித்து வைத்த உப்பு. சித்திரை வெயில் அதன் மேல் பட்டுத் திரும்பி நேராகக் கண்ணுக்குள் வந்தது. பத்து நிமிடம் போயிருக்கும். மணி பார்க்க போனை எடுத்தேன். கறுப்புத் திரையில் ஒரு முகம்... கண்ணை இடுக்கிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. அப்படியே ஏழுமலை!

அவருக்கு சந்தேகமும் கிடையாது, எதிர்ப்பும் கிடையாது. உப்பு கண்ணைக் கூச வைக்கிறது. அவ்வளவுதான்.

தூரத்து வரப்பில் ஒரு அம்மா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி, மேலும் கீழும் வீசி, படாரென்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"உங்க மேல ரொம்பக் கோபமா இருக்காங்க போல" என்றேன் மெதுவாக.

"கோவமா? இல்ல மேடம். 'யாரு அது, தலைக்கு ஒண்ணும் போடாம வெயில்ல வராங்க'ன்னு கேக்கறாங்க."

"இதெல்லாம் வாயால கேட்கக் கூடாதா?"

"கடல்காத்து மேடம். வாயிலேருந்து பேச்சப் புடுங்கினு போயிடும். இங்க கத்தினா கிளியனூர்ல கேக்கும், எதிர்ல நிக்கறவனுக்குக் கேக்காது. அதான் அளத்துல எல்லாம் கைதான்."

ஏழுமலை வலது கையால் காற்றில் எழுதிக் காட்டி, என்னைச் சுட்டிக் காட்டினார். எழுதுகிறவர் வந்திருக்கிறார் என்று அர்த்தமாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"வணக்கம் சொல்றாங்களா?"

ஏழுமலை சங்கடமாக நெளிந்தார். "இல்ல மேடம்... 'கையக் கட்டினா பொய்யின்னு எழுதுச்சே, அந்த அம்மாவா!'ன்னு கேக்கறாங்க."

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது.

உப்பளம் முடிகிற இடத்தில் வீடு. ஓடு போட்டது. உள்ளே கஸ்தூரி. மெலிந்த உடம்பு, நாற்பது வயதுக்குள் இருக்கும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, ஆம்பளைச் சட்டை. உப்புக்கும் வெயிலுக்கும் பயந்து அளத்தில் பெண்கள் அப்படித்தான் போடுகிறார்கள். இவர் வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. கை கட்டியிருந்தது. கண் கணவர் பக்கம் திரும்பவில்லை. பாதங்கள்... தோட்டத்து வாசலைப் பார்த்தபடி.

நான் எழுதியது ஒன்றுவிடாமல் எதிரில் நிற்கிறதே! ஒருவேளை நிஜமாகவே...?

"மேடத்துக்குத் தண்ணி" என்று ஏழுமலை சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஒரு டம்ளர் வந்தது. சத்தமே இல்லாமல், பூ வைக்கிற மாதிரி. அவருக்கும் ஒன்று வந்தது. 'ணங்'! தண்ணீரில் பாதி தரையில்.

"நான் மடைகிட்ட இருக்கறேன் மேடம்" என்று அவர் வெளியே நழுவினார்.

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்திருந்த முதல் வரியை எடுத்தேன். "இங்க பாருங்க கஸ்தூரி, கணவன் மனைவிக்குள்ள..."

"பாத்ரூம் பின்னால இருக்குது" என்றார் கஸ்தூரி.

"இல்ல... எனக்கு ஒண்ணும்..."

"பஸ்லேருந்தே அடக்கினு இருக்கீங்க. போயிட்டு வாங்க. பேசலாம்."

போய்விட்டு வந்தேன். வேறு வழி? நிஜமாகவே பஸ்ஸிலிருந்தே அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பி வந்தால், தோட்டத்தில் ஒரு ஸ்டூலும், ஒரு சொம்புத் தண்ணீரும், கொஞ்சம் தேங்காயெண்ணெயும் தயாராக இருந்தன. "இடது கால் செருப்பு கடிச்சிருக்குது. கழுவிட்டு எண்ணெ வைங்க. உப்புத் தண்ணி பட்டா எரியும்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியுது, அவ்ளோதான்" என்றார். பிறகு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்: "பைய மடியில வெச்சி ரெண்டு கையாலயும் புடிச்சினு உக்காந்திருந்தீங்க. நான் கத்துவேன்னு பயந்துனு வந்திருக்கீங்க. நான் கத்த மாட்டேன். ஆனா கோவம் இருக்குது."

இருபத்திரண்டு வருடம் நாற்காலி போட்டு ஆளை எடை போட்டவள் நான். இந்தப் பெண் ஐந்தே நிமிடத்தில் என் மூத்திரப்பையிலிருந்து மனசாட்சி வரைக்கும் படித்துவிட்டார்!

இனி வேஷம் எதற்கு? நேராகவே கேட்டேன். "எதையாவது மறைக்கிறீங்களா கஸ்தூரி?"

"ஆமா."

அவர் சட்டையின் வலது கையைச் சுருட்டினார். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்ப்பு. காய்ந்தும் காயாமலும். அதைப் பொத்திக்கொள்ளத்தான் அந்தக் கைகட்டல்.

"யாரு... அவரா?" என்றேன்.

"சீ! அவரு எறும்பக் கூட ஊதித்தான் தள்ளுவாரு. இது ஸ்கூட்டர்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாரன் சின்னதாகச் சத்தம் கொடுத்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர். அதன் மேல் சாய்ந்தபடி, கறுப்புத் துப்பட்டா போட்ட ஒரு பெண். பெயர் நூர்ஜஹான், கூனிமேட்டில் டெய்லர், கஸ்தூரியின் தோழி. தினம் நாலு மணிக்கு ஜாக்கெட் அளவு எடுக்க வருகிற சாக்கில் வந்து, கஸ்தூரிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். அந்தப் போனும் அவர் போட்டதுதான். அளத்துக்கு உள்ளே போகிற மண் ரோட்டில், ஏழுமலை கண்ணில் படாத கோடியில்தான் பயிற்சி.

"மூணு தபா விழுந்தாங்க மேடம்" என்றார் நூர்ஜஹான். "நாலாவது தபா நான் பின்னால உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் விழுந்தோம்."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏன் ரகசியம்? இரண்டு வருடத்துக்கு முன்னால், 'நான் ஸ்கூட்டர் கத்துக்கட்டுமா' என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். 'உனக்கு நடக்கும்போதே கால் தடுக்கும்' என்று ஏழுமலை சொன்னாராம். அதோடு விடவில்லை. டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். 'இன்னா கஸ்தூரி, வண்டி எப்ப வாங்கற?' என்று அளத்தில் ஆறு மாதம் கேலி.

"ஒருநா அவரு மடைகிட்ட நிக்கும்போது நேரா ஓட்டினு போயி, அவரு எதிர்ல டக்குனு நிறுத்தணும். ஒரு வார்த்த பேசக் கூடாது. எறங்கணும். அவ்ளோதான். அவரு மூஞ்சி எப்படிப் போவும்னு நெனச்சாலே சிரிப்பு வந்துடும். அதான் அவரப் பாக்கறதே இல்ல. பாத்தா சிரிச்சிடுவேன்."

"கட்டிலுக்குக் கீழே இருக்கிற பை?"

"ஹெல்மெட்டு."

கை, கண், பாதம்... நான் எழுதிய அடையாளங்கள் அத்தனையும் சரி. அர்த்தம் ஒன்றுகூடச் சரியில்லை.

கஸ்தூரியின் முகம் மாறியது. "அவரு யாராண்ட பேசறன்னு கேட்டாரு மேடம். சிரிச்சினே கேட்டிருந்தாகூடப் பரவால்ல. பாக்கெட்லேருந்து பேப்பர எடுத்துப் பாத்துட்டுக் கேட்டாரு. பதினாறு வருஷம் கூட இருக்கற ஆளு, என் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாதா? பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதற்கு நானும் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

"அவர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்று எழுந்தேன்.

"வேணாம்!" இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கஸ்தூரி தொடர்ந்தார்: "இன்னும் ஒரு வாரம் மேடம். ப்ரேக் மட்டும்தான் இன்னும் சரியா வரல. அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

ஓட்ட வந்துவிட்டது, நிறுத்த மட்டும்தான் வரவில்லையாம்! சரி என்று சத்தியம் செய்தேன். இவ்வளவு அநியாயம் செய்தவள் இதைக்கூடச் செய்யக்கூடாதா?

மடைக்குப் போனேன். வீட்டிலிருந்து நேராகத் தெரிகிற இடம்தான், நூறு நூற்றைம்பது அடி இருக்கும். வரப்பில் நின்றிருந்த ஏழுமலை ஓடி வந்தார்.

"இன்னா மேடம் சொன்னா?"

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

ஏழுமலை என் முகத்தையே பார்த்தார். பாக்கெட்டில் கை விட்டு, மடித்து வைத்திருந்த அந்தப் பேப்பர் துண்டை எடுத்தார். பிரித்தார். ஒரு கண் பேப்பரில், ஒரு கண் என் மேல்.

"மேடம்... மூக்கத் தொட்டீங்க."

தொட்டேனா? "கொசுங்க."

"அளத்துல ஏது மேடம் கொசு? வெட்டவெளிக் காத்துல?"

சட்டென்று கையைக் கீழே இறக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தானாகவே போய் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டது.

"கையக் கட்டிக்கறீங்க."

"அது... காத்து..."

"என் கண்ணப் பாக்க மாட்டேன்றீங்க." அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பாதமும் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற திசையில் கச்சிதமாகத் திரும்பி நின்றன. என்னமோ எழுதினேனே, பாதத்தை நடிக்க வைக்க முடியாது என்று!

ஏழுமலை பேப்பரை மடிக்கவில்லை. கையிலிருந்து நழுவி, காற்றில் பறந்து, பாத்தித் தண்ணீரில் விழுந்து நனைந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பெருமுக்கலுக்குப் போறேன்னு சொல்லிட்டாளா மேடம்?"

"ஐயோ, இல்லைங்க!"

"பொய் சொல்லாதீங்க. நீங்கதான் எழுதினீங்க."

எப்படி இருக்கிறது என் நிலைமை? உண்மையைச் சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் இந்த மனிதர் உடைந்து போகிறார்.

"அவளாண்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மேடம்" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "கேட்ட உடனே அவ மூஞ்சி போன போக்குலயே தெரிஞ்சிடிச்சி, தப்புன்னு. ஆனா கேட்டத எப்படித் திருப்பி எடுக்கறது? அது தெரியாமத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். அவளாண்ட சண்ட போடாம எனக்கு வேலையே ஓடல. மண்வெட்டிய எங்க வெச்சேன்னு கூட அவளத்தான் கேப்பேன்..."

தோள் இரண்டும் இறங்கி, தலை தொங்கி, முதுகு கூனிப் போய் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு.

நான் பக்கத்தில் நின்றேன். போகட்டும், சத்தியத்தை உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம்.

திரும்பினோம். மண் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர். அதன் மேல் ஹெல்மெட் போட்ட கஸ்தூரி. முழுக்கைச் சட்டை காற்றில் படபடக்க, வண்டி இடமும் வலமுமாக ஆடி ஆடி வந்தது. வெகு பின்னால் நூர்ஜஹான், இரண்டு கையையும் தலையில் வைத்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார். அதற்கு அர்த்தம் யாரும் சொல்லத் தேவையில்லை.

ஏழுமலை எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் கிளியனூருக்குத்தான் போயிருக்கும்.

வண்டி நேராக உப்புக் குவியலை நோக்கி வந்தது. குவியலுக்கு இந்தப் பக்கம் நான்! என் கால் அசைய மறுத்தது. வாசல் பக்கம் திரும்புகிற பாதம், ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது என்பதை நான் எழுதவே இல்லை.

ஏழுமலை கையை உயர்த்தினார். வலது உள்ளங்கையை விரித்து வெளிப்பக்கம் திருப்பினார். ஆக்சிலேட்டரை விடு! வண்டியின் இரைச்சல் குறைந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல மெல்லக் கீழே அழுத்தினார். மெதுவா... மெதுவா... வண்டியின் ஆட்டம் குறைந்தது. இரண்டு விரலால் இடது பக்கம் காட்டினார். வண்டி குவியலை விட்டு விலகியது. பிறகு இடது கையை நீட்டி, முஷ்டியை இறுக்கினார்.

வண்டி நின்றது. ஏழுமலைக்கு முன்னால், இரண்டடி தள்ளி. கஸ்தூரியின் கால் இரண்டும் தரையில்.

இத்தனை நாள் நூர்ஜஹான் தொண்டை கிழியக் கத்தியும் வராத ப்ரேக்! ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டது.

கஸ்தூரி ஹெல்மெட்டைக் கழற்றினார். இறங்கினார். ஒன்றும் பேசவில்லை. அவர் போட்டிருந்த திட்டமும் அதுதானே? ஏழுமலையின் முகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மாதிரியாகப் போயிற்று என்று என்னால் எழுத முடியாது. இனிமேல் முகங்களைப் பற்றி எழுதுவதாகவும் இல்லை.

கடைசியில் அவர்தான் பேசினார்.

"ஹாரன் அடிக்கலியே?"

"பன்னண்டு நாள் கழிச்சி பேசறதுக்கு இதான் கெடச்சுதா?" என்றார் கஸ்தூரி.

ஏழுமலை கிட்டே போனார். மனைவியின் வலது கைச் சட்டையை மெதுவாகச் சுருட்டிப் பார்த்தார். சிராய்ப்பைச் சுற்றி விரலை ஓட்டினார், தொடாமல். "இதுக்கா கையக் கட்டின?" என்றார். பிறகு வாய்க்குள்ளேயே, "தப்புதான்" என்றார்.

"கேக்கல."

"தப்புதான்."

"காத்துல ஒண்ணும் கேக்கல."

ஏழுமலை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்து வரப்பில் இருந்த அந்த அம்மா, தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கைதட்டினார். தட்டுகிற சத்தம் வரவில்லை. விஷயம் வந்துவிட்டது. கஸ்தூரி சிரித்துவிட்டார்.

"இன்னும் ஒரு வாரம்னு சொன்னீங்களே?" என்று நான் அப்புறம் அவரிடம் தனியாகக் கேட்டேன்.

"அவரு முதுகப் பாத்தேன்க்கா" என்றார். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. "வூட்லேருந்து பாத்தேன். அவரு அப்படி உக்காந்து நான் பாத்ததே இல்ல. தாங்கல. ப்ரேக்காவது ஒண்ணாவதுன்னு எடுத்துட்டேன்."

யோசித்துப் பார்க்கிறேன். நூற்றைம்பது அடி தூரத்திலிருந்து, முகம்கூடத் தெரியாமல், வெறும் முதுகை வைத்து ஒரு மனுஷனின் மனசைப் படிக்க எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கையைக் கட்டினால் இது, மூக்கைத் தொட்டால் அது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேனே, அந்தப் பட்டியலோடு ஒரு வாரம் கண்கொட்டாமல் பார்த்த ஏழுமலைக்கு எதிரில் இருந்த காயம் தெரியவில்லை. பட்டியலே இல்லாமல் ஒரு தடவை பார்த்த கஸ்தூரிக்கு எல்லாம் தெரிந்தது.

ஒருவரைப் பிடிப்பதற்காகப் பார்ப்பது ஒன்று. பிடித்திருப்பதால் பார்ப்பது வேறு. நான் ஆபீசில் இருபத்திரண்டு வருடமும் முதல் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதையே வீட்டுக்குள்ளும் செய்யச் சொல்லி ஊருக்கெல்லாம் எழுதியும்விட்டேன். தப்புதான். காற்றில் கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், நானும் காதைப் பிடித்துக்கொள்கிறேன்.

மீன் குழம்போடு சாப்பாடு போட்டுத்தான் விட்டார்கள். தட்டை வைத்த சத்தம் யாருக்குமே கேட்கவில்லை. கிளம்பும்போது கஸ்தூரி சாவியை எடுத்தார்.

"ரோட்டு முக்கு வரைக்கும் நான் உட்டுடறேன்க்கா. மண் ரோடுதான், ஒரு வண்டியும் வராது. ஏறுங்க."

மறுக்க முடியுமா? நூர்ஜஹானின் ஹெல்மெட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். வண்டி விழுந்து விழுந்து, இருந்த இரண்டு கண்ணாடியும் எப்போதோ உடைந்துபோயிருந்தன. கஸ்தூரிக்குப் பின்பக்கம் தெரிய வழியே இல்லை. ஏழுமலை பின்னாலேயே ஓடி வந்து மெதுவா, மெதுவா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பிப் பத்தடி போயிருக்கும். கஸ்தூரி திரும்பவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா... கண்ணத் தொறங்க. விழ மாட்டோம்."